சிவப்பு மை யார் கையில்?

"மாமா, செவப்பா வந்துட்டு!"

சொன்ன வேகத்தில் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டாள் என் அக்கா மகள். சீவலப்பேரியில் அக்கா வீட்டுத் திண்ணை. சொளவை மடியில் வைத்து அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் விரித்துக் கிடந்தது. அந்த லேப்டாப் அக்காவின் பெரிய மகன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் பரணில் ஏறியது, இவளுக்காகத் தூசி தட்டி இறக்கப்பட்டிருந்தது.

மூடியதைத் திறந்து பார்த்தேன். பைதான் பாடத்தின் முதல் பயிற்சிதான். 'பிரிண்ட்' என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். திரையில் நாலு வரி சிவப்பில் நின்றது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் முகம் பெயிலான ரேங்க் கார்டை வீட்டுக்குக் கொண்டு வந்த முகமாக இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம் பிள்ளைகள் சிவப்பை எங்கே படித்தார்கள்? ஒன்றாம் வகுப்பிலிருந்து சிவப்பு மை எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருந்திருக்கிறது. தப்புக்குச் சிவப்புச் சுழி. முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அடியில் சிவப்புக் கோடு. அப்பாவிடம் கையெழுத்து வாங்கும்போது அந்தக் கோட்டைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நீட்டுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானும் அப்படி நீட்டியவன். அந்தக் கட்டை விரல் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. வேலைக்குப் போனாலும், நாற்பது வயதானாலும், சிவப்பைக் கண்டால் மறைக்கத்தான் கை போகிறது.

தம்பி, தங்கச்சி, அந்த விரலை எடு.

திரையில் வந்த சிவப்பு உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ முட்டாள் என்று சொல்லவில்லை. உனக்கு இது வராது என்று சொல்லவில்லை. மூன்றாவது வரியில் எனக்குத் தெரியாத ஒரு பெயர் இருக்கிறது, அது என்ன என்று கேட்கிறது. உன் அம்மாவிடம் "அந்த டப்பாவை எடு" என்றால் "எந்த டப்பா?" என்று கேட்பாளே, அதே கேள்வி. அதற்கா லேப்டாப்பை மூடுவாய்? பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படி. என்ன தப்பு என்பது அங்கே இருக்கும். அதற்கு மேலே பார். எந்த வரியில் தப்பு என்று எண் போட்டுச் சொல்லியிருக்கும். எத்தனை மனிதர்கள் உன் தப்பை இவ்வளவு சரியாக, வரி எண்ணோடு, குரல் உயர்த்தாமல் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

அக்கா மகள் படித்தாள். விட்டுப்போன எழுத்தைப் போட்டாள். ஓடியது. அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

"மாமா, அது மட்டும் செவப்புல எழுதுதே, நான் செவப்புல எழுத முடியாதா?"

முடியும். ஏட்டி, உன்னால் முடியும்!

எப்படி என்று சொல்கிறேன், உட்கார். விசைப்பலகையின் இடது மேல் மூலையில் எஸ்கேப் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வெளியேறுவதற்கு மட்டும் அழுத்துவது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். கணினியின் எழுத்துப் பட்டியலில் அதுவும் ஓர் எழுத்து. அஸ்கி அட்டவணையில் அதன் எண் 27. வழக்கமான எழுத்துகள் வந்தால், கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையான டெர்மினல் அப்படியே அச்சிடும். எஸ்கேப் வந்தால் அச்சிடாது, காது கொடுக்கும். இனி வருவது எழுத்து இல்லை, கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். எஸ்கேப்புக்குப் பின்னால் திறக்கும் சதுர அடைப்புக்குறி ஒன்று. அதற்குப் பின்னால் ஓர் எண். கடைசியில் எம் என்ற சின்ன ஆங்கில எழுத்து. கட்டளை முடிந்தது. எண் 31 என்றால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் சிவப்பு. 32 பச்சை. 33 மஞ்சள். 34 நீலம். 30-இல் கறுப்பில் தொடங்கி 37-இல் வெள்ளையில் முடியும் எட்டு நிறங்கள். அதோடு பத்தைக் கூட்டினால், 40 முதல் 47 வரை, பின்னணி நிறம். 1 தடித்த எழுத்து, 4 அடிக்கோடு. இவ்வளவுதான் மந்திரம்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. 1978-இல் டிஜிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் விடி100 என்ற டெர்மினலை விற்றது. 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். அதில் நிறமே கிடையாது. ஆனால் எஸ்கேப் வைத்துக் கட்டளை சொல்லும் இந்த முறை அதன் மூலம்தான் உலகம் முழுக்கப் பரவியது. 1979-இல் அமெரிக்கத் தரக்குழு இதை எக்ஸ்3.64 என்று எழுதி வைத்தது. லினக்ஸ் கேட்கிறது, ஆப்பிள் கேட்கிறது, விண்டோஸ் 10 வந்த பிறகு மைக்ரோசாப்டும் தன் கறுப்புத் திரையில் இதைக் கேட்க ஆரம்பித்தது. உன் அம்மா பிறந்த காலத்துக் கட்டளை இன்றைக்கும் உன் வாயிலிருந்து வந்தால் எந்த நாட்டு இயந்திரமும் கீழ்ப்படிகிறது. கலெக்டர் மகன் தட்டினாலும் அதே சிவப்பு. பீடி சுற்றுகிறவள் மகள் தட்டினாலும் அதே சிவப்பு. அதற்கு உன் ஊர் தெரியாது, உன் மீடியம் தெரியாது, உன் சாதி தெரியாது.

பைதானில் எஸ்கேப்பை எழுத ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு 033 என்று எழுத வேண்டும். அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். "27-னு சொன்னீங்களே மாமா. இது 33-ல்லா?"

நல்ல கேள்வி. பதினோராம் வகுப்பில் எண் முறைகள் என்று ஒரு பாடம் படித்தாயே, எதற்கு இந்தக் கணக்கு என்று சலித்துக்கொண்டு எண்மம், பதினாறடிமானம் என்று மாற்றி மாற்றிப் போட்டாயே, அந்தப் பாடம் இங்கே உனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. எண்ம முறையில் 33 என்றால் மூன்று எட்டு இருபத்து நாலு, அதோடு மூன்று. 27. நோட்டின் ஓரத்தில் அவளே போட்டுப் பார்த்தாள். 'ஐ' என்று ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து. பரீட்சைக்காகப் படித்த ஒரு பாடம் கைக்கு ஆயுதமாக மாறுகிற நொடியில் வரும் சத்தம் அது. அந்தச் சத்தத்தை நீ உன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது போட்டிருக்கிறாயா? போட்டதில்லை என்றால் இந்த வாரமே போடு.

முதல் முயற்சி தோற்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பழக்கிய ஐடில் சாளரத்திலேயே அவள் ஓட்டினாள். நிறம் வரவில்லை, அடைப்புக்குறியும் 31-ம் எம்மும் குப்பையாக வந்து விழுந்தன. காரணம் எளிது. ஐடில் ஒரு டெர்மினல் இல்லை, அதற்கு எஸ்கேப்பின் மொழி தெரியாது. அதே கோப்பை லினக்ஸ் டெர்மினலில் ஓட்டச் சொன்னேன். 2011-இல் தொடங்கிய அந்த அரசு லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. எத்தனை வீட்டில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டுப் படம் ஏற்றினோம்! எண்ணிப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. கையில் கொடுத்த பட்டறையை அழித்துவிட்டுப் பொம்மை வைத்தோம்.

டெர்மினலில் ஓட்டினாள். சிவப்பில் அவள் பெயர் வந்தது. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் உடனே இன்னொன்று நடந்தது. பெயருக்குப் பின்னால் வந்த வரியும் சிவப்பு. அதற்குப் பின்னால் வந்ததும் சிவப்பு. நிரல் முடிந்து, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியும் சிவப்பு. திரை முழுக்க ஒரே சிவப்பு.

"அழிஞ்சு போச்சு மாமா!"

ஒன்றும் அழியவில்லை. பத்தமடைக்காரர்கள் பாய் நெய்வதைப் பார்த்திருக்கிறாயா? சிவப்புச் சாயம் ஏற்றிய கோரையைக் கோத்துக்கொண்டே வருவார்கள். பட்டை வேண்டிய அகலம் வந்ததும் சாயக் கோரையை நிறுத்திவிட்டுச் சாதாக் கோரையை எடுப்பார்கள். எடுக்காவிட்டால் பாய் முழுக்கச் சிவப்புத்தான் வரும். இங்கே அந்தச் சாதாக் கோரையின் எண் சைபர். எஸ்கேப், அடைப்புக்குறி, 0, எம். அதைப் போட்டால் பழைய நிறம் திரும்பும். சிவப்பைத் தொடங்கிவைத்தவள்தான் முடித்தும் வைக்க வேண்டும். இயந்திரம் தானாக முடிக்காது. ஒரு பாடத்தில் தவறியதற்காக வருஷம் முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை ஞாபகம் வருகிறது. ஒரு வரிக்குப் போட்ட சிவப்பு அது. அந்த வரியோடு முடி. சைபரைப் போட்டு அடுத்த வரிக்கு வா!

"இதெல்லாம் அழகு பண்ணுற வேலைதானே? உருப்படியா ஏதாவது படிக்கச் சொல்லக்கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் கதை ஒன்று சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் இரவுப் பணி எனக்கு. வாடிக்கையாளரின் தகவல்களை நள்ளிரவில் நகலெடுத்து வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அது ஓடினால் நானூறு, ஐந்நூறு வரி கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக மேலே ஓடிப் போகும். ஒரே நிறம், ஒரே அளவு. ஒரு இரவில் அந்த நானூறுக்குள் ஒரு வரி, வட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனது. எல்லா வரியும் போன மாதிரியே அதுவும் போனது. நான் பார்க்கவில்லை. மூன்று நாள் நகலே எடுக்கப்படவில்லை என்பது நாலாம் நாள் தெரிந்தது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. "உங்க ஊர்ப் பக்கமெல்லாம் கண்ணு தெரியாதா?" என்றார் ஒருவர். ஊரை இழுத்தார். அதுதான் வலித்தது.

அன்று இரவு நான் அழுதேன். அழுதுவிட்டு அந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். பிழை என்று வருகிற வரிகளுக்கு மட்டும் முன்னால் 31, பின்னால் 0. நல்லபடி முடிந்த வரிகளுக்கு 32. மொத்தம் ஆறு வரிதான் சேர்த்திருப்பேன். அதற்குப் பிறகு அந்தத் திரை என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நானூறு பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்பு எழுந்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும். அடுத்த மாதம் அந்த ஆறு வரியை மற்ற அணிகளும் கேட்டு வாங்கிக்கொண்டன. ஊரை இழுத்தவரும் வாங்கினார். நான் கொடுத்தேன். அவமானத்துக்கு நான் கண்ட மருந்து அந்த ஆறு வரி.

நிறம் அழகுக்காக என்று யார் சொன்னது? தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு அப்படிச் சொல்லலாமா? 2023 டிசம்பர் 17-ஐ மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொதிகையிலிருந்து வருகிற தாமிரபரணியும் குற்றால மலையிலிருந்து வருகிற சிற்றாறும் கை கோக்கிற இடம் நம் சீவலப்பேரி. மேலே எங்கே பெய்தாலும் இங்கே கணக்குத் தீர்க்கிற ஆறு இது. வெள்ளக் காலத்தில் பாட்டிமார்கூட "ரெட் அலர்ட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். வானிலை ஆய்வு மையம் நாலு நிறம் வைத்திருக்கிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் என்ன தெரியுமா? செயல்படு.

திரும்பப் படி. சிவப்பு என்றால் செயல்படு! ரேங்க் கார்டு உனக்குச் சொல்லிக்கொடுத்த சிவப்பு தலை குனி என்றது. ஆறு சொல்லிக்கொடுக்கிற சிவப்பு எழுந்திரு என்கிறது. நீ எந்தச் சிவப்பின் பிள்ளை?

அக்கா மகளுக்கு இரண்டாவது பயிற்சியாக இதைத்தான் கொடுத்தேன். நெல்லைப் பதிப்புப் பேப்பரில் மழைக்காலம் முழுக்க அணை நீர்மட்டம் போடுவார்கள். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி. சேர்வலாறு 156. மணிமுத்தாறு 118. இந்த மூன்றையும் நிரலில் எழுதிக்கொள். அன்றைய மட்டத்தைப் பேப்பரைப் பார்த்துத் தட்டு. முழு உயரத்துக்கு மூன்று அடிக்குள் வந்துவிட்டால் சிவப்பு, பதினைந்து அடிக்குள் என்றால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை. எல்லை எண்களை அவளே முடிவு செய்தாள். வெள்ள எச்சரிக்கை கலெக்டர் ஆபீஸிலிருந்து வருவதைத்தான் கேட்க வேண்டும், இது பயிற்சி என்று அவளுக்கும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். ஆனால் இருபது வரியில், பரணிலிருந்து இறங்கிய லேப்டாப்பில், இணையம் இல்லாமல், தன் ஊர் ஆற்றைத் தன் திரையில் நிறம் பிரித்துப் பார்த்தாள் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை. லேப்டாப் இல்லாதவன் சாக்குச் சொல்லாதே. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் அதே லினக்ஸ் டெர்மினல் உன் உள்ளங்கையில். ரீல்ஸ் தள்ளுகிற அதே கட்டை விரல்தான். கொஞ்ச நேரம் இங்கே வரட்டும்.

கற்றுக்கொண்டபின் நாலு இடத்தில் பொறுப்பாக இரு. எல்லா வரிக்கும் நிறம் பூசினால் எதற்கும் நிறம் இல்லாத மாதிரிதான். சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாத கண்கள் உண்டு. அதனால் நிறத்தோடு 'பிழை', 'சரி' என்று சொல்லையும் எழுது. திரைக்குப் போகாமல் கோப்புக்குப் போகிற வெளியீட்டில் இந்தக் குறிகள் குப்பையாகக் கலந்துவிடும். எங்கே போகிறது என்று நிரலே பார்த்து நிறத்தை நிறுத்திக்கொள்ள வழி இருக்கிறது, தேடிப் படி. எட்டு நிறம் போதாது என்றால் 256 நிறத்துக்கும் எண் இருக்கிறது, அதற்கு மேலே ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் இருக்கிறது. அந்த ஆசை பிறகு. முதலில் ஒரு சிவப்பை ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடி.

"நாங்க தமிழ் மீடியம் அண்ணாச்சி. இதெல்லாம் மெட்ராஸ், பெங்களூர் பிள்ளைகளுக்கு." சீவலப்பேரி பஸ்ஸில் வரும்போது ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. சுடலைமாடசாமி கோயில் கொடைக்குச் சீரியல் செட் கட்டுகிற பையன் அவன். ஆயிரம் பல்பை வரிசையாகக் கோத்து, எது எப்போது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று கணக்காக ஓடவிடுகிறவன். வேப்பமரத்தின் உச்சியில் ஒரு பல்பு எரியாவிட்டால் எந்தக் கண்ணியில் ஒயர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்டுபிடிக்கிறவன். தம்பி, அதற்குப் பெயர்தான் பிழை திருத்தம்! நீ செய்துகொண்டிருக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயரைக் கண்டு நீ பயப்படுகிறாய். பெயரைத் தட்டிவிட்டுப் பார். வேலை உனக்குத் தெரிந்த வேலை.

ஊரைச் சொல்லித் தாழாதே. சிற்றாறு ஓடிவருகிற குற்றாலப் பக்கத்திலேயே, தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில், 2011-இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அங்கே கிராமத்துப் பிள்ளைகள் உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே எழுதிக் காசில்லாமல் கொடுக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் எழில் என்று ஒரு நிரல்மொழியையே தமிழில் செய்து வைத்திருக்கிறார். அதில் திரையில் எழுதச் சொல்லும் கட்டளையின் பெயர் 'பதிப்பி'. இதற்கு மேலும் மொழியைச் சாக்குச் சொல்வாயா? முக்கூடற்பள்ளு நம் ஊர்க் கரையின் நூல். நெல் வகை, மாட்டு வகை, ஏர் வகை என்று தொழிலின் சொற்களை அடுக்கி அடுக்கி வைத்திருக்கிறது. தன் தொழிலைத் தன் மொழியில் முழுசாகச் சொன்ன கரையில் நின்றுகொண்டு என் மொழியில் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உனக்கும் வரக் கூடாது.

இன்னொன்று கேள். உனக்காக ஒரு வேலை பாதியில் கிடக்கிறது. டெர்மினலில் தமிழ் இன்னும் சரியாக நிற்பதில்லை. அது சமமான கட்டங்களால் ஆன திரை. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்துக்காகப் போட்ட கணக்கு. நம் எழுத்துக்கு அந்தக் கட்டம் போதவில்லை. பல டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து வருகிறது. அட்டவணை போட்டால் கோடு நேராக நிற்காது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதானைக் கேட்டுப் பார். ஐந்து என்று சொல்லும். நமக்கு மூன்றெழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது அது. சரியாக எண்ணித் தர ஓப்பன் தமிழ் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எண்ணுவதற்கு வழி செய்தாகிவிட்டது. எல்லாத் திரையிலும் நேராக நிற்கவைக்கிற வேலை மிச்சம் இருக்கிறது. இதை யார் செய்வார்கள்? கலிபோர்னியாவில் இருக்கிற ஒருவனுக்கு 'கொ' பிய்ந்து தெரிந்தால் வலிக்குமா? உனக்கு வலிக்கும். அந்த வலி உன் தகுதி. அதை வைத்துக்கொண்டு உள்ளே போ!

சனிக்கிழமை மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் லேப்டாப்போடு திண்ணையில் காத்திருந்தாள். நான் சொல்லாத ஒன்றை அவளாகவே எழுதியிருந்தாள். அக்காவின் பீடிக் கணக்கு. தினம் எத்தனை சுற்றினாள், கடையில் எத்தனையைக் கழித்துப் போட்டார்கள். பழைய நோட்டில் அவள்தான் அம்மாவுக்காக எழுதி வைப்பாள். அந்த ஒரு வாரத்தை நிரலுக்குள் கொண்டுவந்திருந்தாள். எடுத்துக்கொண்ட பீடி ஐம்பதுக்கு ஒரு பச்சைக் கட்டம். கழித்த பீடி பத்துக்கு ஒரு சிவப்புக் கட்டம். நாளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னால் சைபர் ஒழுங்காக இருந்தது, பார்த்தேன்.

அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். கடையில் கழித்துப் போட்டது இத்தனை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதுதான் முப்பது வருஷமாக அவள் பழக்கம். கையைப் பாவாடைத் துணியில் துடைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். எழுத்து எதையும் அவள் படிக்கவில்லை. விரல் மட்டும் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. நாலாவது வரியில் நின்றது.

"இது என்ன கெழம?"

"வியாழன்மா."

"இது மட்டும் ஏன் இவ்வளவு நீளத்துக்குச் செவப்பா கெடக்கு?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு அவன் தந்த இலை பூரா சொத்தை, தம்பி. ஓட்டை இலைய வச்சிக்கிட்டு எப்படிச் சுத்த? நான் சொன்னேன், கேக்கல. என் கையத்தான் குத்தம் சொன்னான்." மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இலை எப்படி இருந்துச்சுன்னும் இதுல எழுதலாமா?"

மகள் ஏற்கெனவே புதிய வரியைத் திறந்துவிட்டாள். விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இலைக்கு என்ன நெறம்மா போட?"